ஏழு இலைப் பொட்டலம்

என் கடையும் ஊரியாக்கு அக்காவின் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும். இந்தப் பக்கம் என் டைப்ரைட்டர், அந்தப் பக்கம் அவளுடைய எண்ணெய்ச் சட்டி. காலை ஆறு மணிக்கு அவள் காராமணி மாவை அடித்து எண்ணெயில் விட ஆரம்பித்தால், ஒன்பது மணி வரைக்கும் அமாஓஜி ஊரே அக்காரா வாங்க அங்கே நிற்கும். நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா? என் கடைப் பலகையைப் படிப்பார்கள். 'தியோஃபிலஸ் இரோயெக்பு. மனு, வரவேற்புரை, இரங்கலுரை, சமாதானக் கடிதம். உயர்தர கிராமர் உத்தரவாதம்.'

எங்கள் ஊரில் கிராமர் என்றால் பள்ளிக்கூடத்துப் பாடம் இல்லை. கேட்கிறவனுக்கு ஒன்றும் புரியக் கூடாது, ஆனால் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்படிப்பட்ட இங்கிலீஷுக்குத்தான் அந்தப் பேர். அதில் நான் கில்லாடி. நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்ய? நாலு ஊர்க்காரர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள். மாடு தொலைந்தது என்று ஒருவன் மனு கேட்டால், 'எமது வாழ்வாதாரத்தின் ஆணிவேராகத் திகழ்ந்த நாற்கால் ஜீவன் மர்மமான முறையில் அந்தர்த்தானம் ஆயிற்று' என்று எழுதிக் கொடுப்பேன். அவன் அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு போவான்.

அடுப்படியிலிருந்து குரல் வரும். "தியோ, மாடு கிடைச்சுதா?"

"இன்னும் இல்லக்கா."

"கிடைக்காது. மாட்டத்தான் காணோம்னு அந்தக் காயிதத்தப் படிக்கிறவனுக்குத் தெரியாதே."

இதுதான் அவள். வாய்ப்பந்தல் போடுகிற ஆளை வாசல் தாண்டும் முன்பே கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் போதாதா? ஒவ்வொரு வகைப் பந்தலுக்கும் தனித்தனியாகப் பேர் வேறு வைத்திருந்தாள். மருந்துக் கடையில் சீட்டு ஒட்டிய புட்டி மாதிரி. என் வாழ்க்கையில் பாதிக் கோபம் அந்தப் பேர்களால் வந்தது.

அந்த நாக்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில் அவளை மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவச்சி அம்மாவின் வீட்டில் வேலைக்கு விட்டார்கள். பிரசவ அறைக்கு வெந்நீர் தூக்குகிற வேலை. ஏழு வருஷம் அங்கே இருந்தாள். இங்கிலீஷை அங்கேதான் காதால் கற்றுக்கொண்டாள். அந்த அறையில் இங்கிலீஷ் என்றால் தள்ளு, நிறுத்து, மூச்சு விடு, துணி கொண்டு வா, அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு காரியம் நடந்தது. அப்படிக் கற்றவளிடம் போய் என்னுடைய 'அந்தர்த்தானம்' எடுபடுமா?

பிறகு மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்த அம்ப்ரோஸைக் கட்டிக்கொண்டாள். அம்ப்ரோஸ் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். சந்தோஷமான குடும்பம். இஹுவோமா என்று ஒரே மகள்.

ஊருக்கு அவள் மொழிபெயர்ப்பாளர் ஆனது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து ஒரு பிரசங்கி வந்தார். எங்கள் இக்போ பாஷைக்காரர்தான், ஆனாலும் இங்கிலீஷில்தான் பேசுவார். அப்போதெல்லாம் பெரிய மனிதர் என்றால் அப்படித்தான், இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? வழக்கமாக அவர் பேச்சை எங்களுக்கு இக்போவில் சொல்கிறவர் மலேரியாவில் படுத்துவிட்டார். பாடகர் வரிசையிலிருந்து இவளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். பிரசங்கி ஆரம்பித்தார். சூரியன், சந்திரன், சமுத்திரம், சகல சிருஷ்டி என்று ஒரு நீளமான வாக்கியம். கால் மணி நேரம் ஆனது. மூச்சு வாங்க நிறுத்தினார். இவள் திரும்பி எங்களிடம் சொன்னாள்: "நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாரு."

கோயிலே சிரித்தது. பிரசங்கி தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று பூரித்துப்போய் இன்னும் ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்ததும் பெரியவர் அன்யாசோ அவளைக் கேட்டார், "ஏம்மா, அவ்வளவு நேரம் பேசினாரே, நீ ஒரு வரில முடிச்சிட்டியே?"

"மீதி நுரைங்க ஐயா. கள்ளு குடத்துல நுரை அடங்கட்டும்னு காத்திருந்தேன். அடங்கினப்புறம் பாத்தா அவ்வளவுதான் இருந்துச்சு."

அன்றிலிருந்து ஊரில் எந்த மேடை போட்டாலும் அவள்தான். ஒரு விதி வைத்திருந்தாள். சொன்ன விஷயத்தைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். உள்ளே என்ன இருக்கிறதோ அதை எடுத்து வைப்பாள்.

நுரை என்பது மூத்த பேர். மற்றவை ஒவ்வொன்றாக வந்தன, பெரும்பாலும் என் உபயத்தில். தலைமை ஆசிரியருக்காக நான் எழுதின ஆறு பக்க விண்ணப்பத்தைக் கேட்டுவிட்டு 'ஊறின கர்ரி' என்றாள். மரவள்ளிக் கிழங்கைத் துருவி வறுத்த மாவுதான் கர்ரி, ஒரு பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கிண்ணம் நிறைந்து வழியும். போட்டது என்னவோ ஒரு பிடிதான். காலேஜிலிருந்து லீவுக்கு வந்த பயல் யாராவது பாதி புரிந்த சொல்லை வீசினால் 'அண்ணன் கோட்டு'. கை முட்டி வரைக்கும் தொங்குமாம். பணக்காரன் செத்தால் படிக்கிற இரங்கலுரை 'எண்ணெய் குடிச்சது'. சூடு பத்தாத எண்ணெயில் போட்ட அக்காரா எண்ணெயைக் குடித்துவிட்டுப் பளபளவென்று இருக்கும், தொண்டையில் இறங்காது. இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அது 'ஏழு இலைப் பொட்டலம்'. பிரிக்கப் பிரிக்க இலை வரும், கடைசியில் ஒரு ஸ்பூன் மாவு இருக்கும். அந்தப் பட்டத்தை அவள் என்னுடைய வரவேற்புரைகளுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஒரு நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எழுதினதுல உருப்படியா ஒண்ணுகூட இல்லியாக்கா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "அம்ப்ரோஸுக்கு மேலுக்கு முடியாதப்ப மில்லுக்கு ஒரு சீட்டு எழுதினியே. 'அம்ப்ரோஸுக்குக் காய்ச்சல். நாளை வருவார்.' அது அக்காரா."

"அது அரை நிமிஷ வேலை. காசுகூட வாங்கல."

"அதான் நல்லா இருந்துச்சு."

அவள் வாயில் 'அது அக்காரா' என்றால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

இப்போது ஓடைக்கு வருகிறேன். ஊருக்குக் கிழக்கே இயிஓச்சா ஓடுகிறது. அக்கரையில் உமுடிம், நாற்பது வீடு. சந்தை, பள்ளிக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் இக்கரையில். குறுக்கே ஒரு மரம் வெட்டிப் போட்டிருப்போம். ஜூன் கடைசியில் அது தண்ணீரோடு போய்விடும். அக்டோபரில் வேறு மரம் போடுவோம். நடுவில் உமுடிம் இருக்கிறதா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இஹுவோமாவை அந்த உமுடிமில்தான் கொடுத்திருந்தது. முதல் பிரசவம் ஒரு ஜூலை மாதக் காலையில் வந்தது. மரம் போய்விட்டது, தண்ணீர் ஆள் உயரம். அவளைத் தூக்கிக்கொண்டு கரை வரைக்கும் வந்துவிட்டார்கள், தாண்ட முடியவில்லை. அங்கே மரவள்ளி துருவுகிற கொட்டகையில் படுக்க வைத்தார்கள். இக்கரையில் அக்கா. நடுவில் முப்பதடித் தண்ணீர். மதியம் வரைக்கும் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைப் பெண்களுக்குக் கத்திக் கத்திச் சொன்னாள். தள்ளு. நிறுத்து. மூச்சு விடு. துணி. காற்று மாறினால் குரல் போகாது. பக்கத்தில் நின்ற நாங்கள் ஏழெட்டு ஆண்கள் அவள் சொன்னதையே சேர்ந்து கத்தினோம். என் வாழ்நாளில் அவ்வளவு சின்னச் சொற்களை அவ்வளவு பலமாக நான் சொன்னதே இல்லை. நல்லபடியாகப் பெண் பிறந்தது. ஓடையைக் குத்திக்காட்டி 'இயிஓமா', நல்ல ஓடை, என்று மாமியார் பேர் வைத்தாள்.

அக்காவுக்கு ஒரு வாரம் குரல் இல்லை. கை ஜாடையில் வியாபாரம் செய்தாள். குரல் திரும்பின அன்றைக்குத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "தியோ, அடுத்த வாட்டி என் தொண்டை எட்டாது" என்றாள்.

அந்த அடுத்த முறையும் வந்துகொண்டிருந்தது. இயிஓமா நடக்க ஆரம்பித்திருந்தாள், இஹுவோமாவுக்கு மறுபடி ஜூலையில் நாள் சொல்லியிருந்தார்கள். ஜனவரியில் பொதுப்பணி கமிஷனர் ஊருக்கு வருகிறார் என்று செய்தி வந்தது.

ஏற்கெனவே இரண்டு கமிஷனர்கள் வந்து போயிருந்தார்கள். இரண்டு பேருக்கும் வரவேற்புரை என் கைவண்ணம்தான். இரண்டு பேரிடமிருந்தும் 'தங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி' என்று கடிதம் வந்தது. கடிதங்களைக் கண்ணாடி போட்டு ஊர் மண்டபத்தில் மாட்டியிருக்கிறோம். பாலம் வரவில்லை. இன்னொரு கஷ்டமும் உண்டு. கமிஷனர்கள் எப்போதும் வறண்ட காலத்தில்தான் வருவார்கள். அப்போது ஓடையைக் காட்டினால் கணுக்கால் தண்ணீரில் வாத்து நடந்துகொண்டிருக்கும். இதற்கா பாலம் என்று பார்ப்பார்கள். ஆகையால் எல்லாம் பேச்சில்தான் இருந்தது.

மூன்றாவது உரையை எழுதி முடித்த அன்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். "ஓடையப் பத்தி எங்க இருக்கு?"

நான்காம் பக்கத்தைக் காட்டினேன். 'எமது பிராந்தியத்தின் ஜலப்பிரவாகமானது பருவகாலப் பிரசண்டத்தால் போக்குவரத்தெனும் நாடி நரம்புகளை நிர்மூலமாக்கும் நிலைமையினை...'

"இதுல இஹுவோமா எங்க?"

"அக்கா, பிள்ளத்தாச்சி பேரையெல்லாம் கமிஷனர் உரையில போட முடியுமா? ஒரு கௌரவம் வேணாமா?"

"யாருக்கு?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "கமிஷனருக்கு அக்காரா போட முடியாதுக்கா."

"ஏழு இலைப் பொட்டலம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. அக்காராவை வேறு ஆள் மூலம் வாங்கித் தின்றேன்.

என் அகம்பாவம் அதோடு நின்றிருக்கலாம். நிகழ்ச்சி நிரலையும் நான்தான் டைப் அடித்தேன். எங்கள் வழக்கப்படி விருந்தாளி உட்கார்ந்ததும் முதலில் கோலாக்கொட்டையைத் தட்டில் வைத்து, பெரியவர் ஒருவர் வேண்டுதல் சொல்லி உடைப்பார். அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆனால் கோலா உடைத்த பிறகு ஜனங்கள் அதை மென்றுகொண்டிருப்பார்கள், உரையை எவன் கேட்பான்? போட்டோக்காரர் வேறு வருகிறார். நான் வரவேற்புரையை ஒன்றாவது இடத்துக்கு ஏற்றி, கோலாவை மூன்றாவதாகத் தள்ளினேன். பெரியவர் அன்யாசோ நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, "கோலா உடைக்காம பேச்சா?" என்றார். "இப்ப இதான் புது முறைங்க ஐயா" என்று நான் மழுப்பினேன். எண்பது வயதில் அவர் எத்தனையோ புது முறைகளைப் பார்த்துவிட்டார், நிரலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கமிஷனர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். பந்தலில் கோலாத் தட்டு மேசைமேல் அப்படியே இருந்தது. ஊர்ச் சங்கத் தலைவர் அச்சோலோனு எழுந்து என் உரையைப் படிக்க ஆரம்பித்தார். நான் முதல் வரிசையில், புதுச் சட்டையில். பக்கவாட்டில் அக்கா.

முதல் பக்கம் முடிந்தது. 'எங்கள் இதய சிம்மாசனங்களில் நிரந்தரமாய் வீற்றிருக்கும்' என்கிற இடத்தில் கமிஷனர் லேசாகத் தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அக்கா ஜனங்களைப் பார்த்து, "இவரு வந்ததுல சந்தோஷம்னு சொல்றோம்" என்றாள்.

இரண்டாம் பக்கம். "இன்னும் சந்தோஷம்தான்."

மூன்றாம் பக்கம். "அதேதான். உக்காருங்க."

பின்வரிசைப் பெண்கள் துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு. போட்டோக்காரர் மட்டும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

நான்காம் பக்கம் வந்தது. ஜலப்பிரவாகம், நாடி நரம்பு, எல்லாம் தலைவர் படித்து முடித்தார். அக்கா இந்த முறை ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு சொன்னாள்: "மழை வந்தா ஓடைய நாங்க தாண்ட முடியாது. நாலு மாசம். அந்தக் கரையில வலி வந்த பொண்ணுக்கு இந்தக் கரையில இருந்து கத்தித்தான் பிரசவம் பாக்கணும். ஒரு வாட்டி பாத்துட்டோம். இந்த ஜூலையில இன்னொரு வாட்டி வருது. பாலம் கேக்குறோம்."

இஹுவோமாவின் பேரை அவள் சொல்லவில்லை. கூட்டத்துக்கு மட்டும் தெரியாதா? சிரிப்பு நின்றுவிட்டது. கமிஷனர் முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவரும் இக்போக்காரர்தானே, எல்லாம் காதில் விழுந்தது.

அவர் எழுந்து இங்கிலீஷில் பதில் சொன்னார். அடடா, அந்த இங்கிலீஷ். 'இவ்விவகாரத்தின் பன்முகப் பரிமாணங்களைத் தீர்க்கமான பரிசீலனைக்கு உட்படுத்தி, சகல சாத்தியக்கூறுகளையும் ஆராய்ந்து, உரிய தருணத்தில் உகந்த வழிமுறைகளை வகுப்பதற்கான ஆயத்தங்களை முன்னெடுக்கும் நோக்கில்...' இப்படிப் பன்னிரண்டு நிமிஷம். தொழில்காரன் என்பதால் ஒப்புக்கொள்கிறேன், நான் சொக்கிப்போனேன். இரண்டு மூன்று சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கூட வைத்துக்கொண்டேன். கூட்டம் படபடவென்று கைதட்டியது.

கைதட்டல் அடங்கும் வரை அக்கா காத்திருந்தாள். நுரை அடங்கக் காத்திருப்பாளே, அப்படி. பிறகு சொன்னாள்: "பாலம் கிடையாதுங்கிறாரு."

கமிஷனரின் முகம் மாறியது. "அம்மா, நான் அப்படிச் சொல்லலியே" என்றார், அதையும் இங்கிலீஷிலேயே.

"நீங்க சொன்னதுல பாலம் எந்த எடத்துல இருக்குன்னு காட்டுங்க ஐயா. தப்புன்னு சொல்லி, மாத்திச் சொல்லிடறேன்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். அச்சோலோனு அக்காவின் துணியைப் பிடித்து இழுத்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. சந்தையில் பாக்கிச் சில்லறை கொடுக்கிற மாதிரி அமைதியாகத்தான் சொன்னாள்.

"நான் வெறும் மொழிபெயர்க்கிறவ. என்னால தப்பு வரலாம். அந்தத் தட்டுல கோலா இன்னும் உடைக்காம இருக்கு. கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாது. நீங்களே அதுகிட்ட சொல்லிடுங்க. நான் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்கள் பக்கத்தில் சலசலப்பு. எங்கள் ஊரில் கோலா ஆண்கள் சமாசாரம். பெண்கள் அதை எடுக்கவும் மாட்டார்கள், சபையில் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். பெரியவர் அன்யாசோ கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவர் எழுந்து முடிக்கவே நேரம் ஆகும். எல்லாரும் காத்திருந்தோம்.

"பொம்பள கோலாவப் பத்திப் பேசினது தப்பு. அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "ஆனா கோலா உடைக்கலங்கறது நெசம். கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாதுங்கறதும் நெசம். கோலாவ மூணாவதாத் தள்ளின புண்ணியவான் யாரு?"

ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து கமிஷனரிடம் போனார். "இது என் வேலைதான், மகனே. ஆனா தாமதமாயிடுச்சு, அந்த மரியாதைய உனக்குத் தரேன். வேண்டுதல நீயே சொல்லு."

எங்கள் ஆட்கள் கோர்ட்டில் பொய் சொல்வார்கள். மனைவியிடம் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடமே சொல்வார்கள். கோலாவைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பொய் சொன்னதில்லை. அது அவருக்கும் தெரியும். கோலாவைக் கையில் எடுத்து நின்றார். ஆரம்பத்தில் சொற்கள் தடுக்கின. ரொம்ப நாள் பேசாத இக்போ. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, ஆற்றங்கரை ஊர்க்காரர்களின் இழுவையோடு, அவருடைய அம்மா பேசின மாதிரியே இருந்திருக்கும். ஆயுள் கேட்டார், பிள்ளைகள் கேட்டார், எல்லாப் பறவைக்கும் உட்காரக் கிளை வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் "இசே" என்றோம், ஆமென் மாதிரி.

அப்புறம் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"பாலத்துக்கு இந்த வருசம் பணமில்ல" என்றார். "அடுத்த வருசமும் இருக்கும்னு எனக்குத் தோணல."

வேண்டுதலின் நடுவில் சொன்னதால் பழக்க தோஷத்தில் எல்லாரும் "இசே" என்றார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அன்யாசோ சிரித்துவிட்டார். கமிஷனரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அவருக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"ஆனா ஒண்ணு. எங்க கிடங்குல ஒரு பழைய நடைபாலத்தக் கழட்டிப் போட்டிருக்கோம். இரும்பு. புல்லு மூடிக் கிடக்கு. வண்டி போகாது. ஆளு போகலாம், ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல போகலாம். அத அனுப்பறேன். நிறுத்தறது உங்க கை, பலகை உங்க பலகை. மழைக்கு முன்னாடி வந்துரும்."

"இசே."

இந்த "இசே" பந்தல் துணியைத் தூக்கியது. கோலாவை உடைத்தார், நாலு பருப்பாகப் பிரிந்தது. எங்களுக்கு அது நல்ல சகுனம்.

கூட்டம் கலைந்தபோது நான் அக்காவின் பக்கம் போனேன். மூன்று நாள் ரோஷத்தை அதற்கு மேல் இழுக்க எனக்குத் தெம்பில்லை. "கமிஷனர் கோலாவ வச்சுப் பேசினது எப்படிக்கா?"

"அது அக்காரா" என்றாள்.

மறுவாரம் பெரியவர்கள் கூடினார்கள். சபையில் கோலாவைப் பற்றிப் பேசினதற்கு அக்காவுக்கு ஒரு கோழி அபராதம். கோலாவை மூன்றாவதாகத் தள்ளினதற்கு எனக்கு ஒரு ஆடு. அவள் கோழியைச் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஆட்டை எப்படிக் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். கறியில் எனக்கு ஒரு பங்கு வந்தது, அதுவும் கழுத்துத் துண்டு.

மார்ச் இரண்டாம் வாரம் லாரி வந்தது. இரும்பை இறக்கும்போது துருவோடு ஒரு தேள் கூட்டமும் இறங்கியது. இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து தூண் நட்டோம். அம்ப்ரோஸ் மில்லிலிருந்து பலகை கொண்டுவந்து ஒவ்வொன்றாக அறைந்தார். அந்த வேலை முடியும் வரைக்கும் அவர் மொத்தம் இருபது வார்த்தை பேசியிருப்பார். மே மாதம் பாலம் எழுந்து நின்றது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு எழுதுகிறேன் என்று நான் பதினோரு வரி தயார் செய்து அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் மாவைக் கலக்கிக்கொண்டே, "எத்தன இலை?" என்றாள். நானே எண்ணிப் பார்த்தேன். பாலத்தின் முகப்பில் இப்போது ஒரு சின்னப் பலகைதான் இருக்கிறது: 'வழுக்கும். பார்த்துப் போங்கள்.' கடைப் பலகையை விட்டால், என் எழுத்தில் ஊர் தினம் தினம் படிக்கிறது அது ஒன்றுதான். நான்கூட அங்கே வழுக்கி விழாமல் இருப்பது அதனால்தான்.

ஜூலை பதினேழாம் தேதி காலை ஏழரை மணி இருக்கும். நல்ல மழை. உமுடிம்காரி ஒருத்தி தலையில் வாழை இலையோடு ஓடிவந்தாள். "இஹுவோமாவுக்கு வலி. கூட்டிட்டு வராங்க."

அக்கா கரண்டியை என் கையில் திணித்தாள். "எண்ணெயப் பாத்துக்க."

எண்ணெயையா பார்ப்பேன்? விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன், கரண்டியோடு. சட்டியில் கிடந்த பதினாறு அக்காராவும் கரியாய்ப் போனது பிறகுதான் தெரிந்தது.

ஓடை செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. பாலத்துக்கு அடியில் மூன்று சாண்தான் இடைவெளி. அக்கரையில் இஹுவோமா நின்றாள். ஒரு பக்கம் மாமியார் தாங்கிப் பிடித்திருந்தாள், பின்னால் புருஷன், அவன் முதுகில் இயிஓமா. பாலத்தின் முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இஹுவோமா தயங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். அதே இடம், அதே தண்ணீர், அந்தக் கொட்டகைகூட அவளுக்குப் பின்னால்தான் இருந்தது.

அக்கா இக்கரையில் என் பக்கத்தில். மூச்சை இழுத்தாள். கத்தப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்தில் நின்று கத்தினவன் நான். இப்போதும் கத்தத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"வா" என்றாள் அக்கா. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இஹுவோமா வந்தாள்.